கவுன்ட் எறங்கிடுச்சு

எங்கள் தெருவில் கவுன்ட் என்றால் ரத்தம். மழை ஓய்ந்து, தேங்கின தண்ணீர் பச்சை கட்டும் நாட்களில் குழாயடியில் அந்தப் பேச்சுதான். "புள்ளைக்கு கவுன்ட்டு எவ்ளோ கீது?" என்று ஒருத்தி கேட்பாள். "நேத்தைக்கு இன்னிக்கு பரவால்ல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டே இன்னொருத்தி சொல்லிவிட்டுப் போவாள். டெங்கு வந்தால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும், ரொம்பக் குறைந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர்களுக்கும் அத்துப்படி. விம்கோ நகர் ஸ்டேஷனுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகளும் பழைய டயர்களும் நிற்கிற இடத்தில் குடியிருந்தால் அது தெரியாமல் இருக்க முடியாது.

நான் வேலை பார்த்த இடத்திலும் கவுன்ட் என்ற சொல் உண்டு. அங்கே அது வெளிச்சம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரத்தின் தென்கோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் மாறி, நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவேன். என் வேலை சில கேலக்ஸிகளின் வெளிச்சத்தை அளப்பது. அவற்றின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கும். சுற்றியுள்ளதை எல்லாம் இழுத்து விழுங்கும். விழுங்குகிற அவசரத்தில் கொஞ்சத்தை வெளியே பீய்ச்சியடிக்கும். அந்தப் பீய்ச்சல் நம் பக்கம் திரும்பியிருந்தால் அந்த கேலக்ஸி ஒரு நிலையில் நிற்காது. வெளிச்சம் ஏறும், இறங்கும், சில சமயம் ஒரே இரவுக்குள். அதிலும் சில, ஒரு மணி நேரத்துக்குள்.

இதை வீட்டில் விளக்கப் பார்த்திருக்கிறேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டாள். "அது ஏன்டி அப்டி மினுக்கிகினு கீது? அதுக்கு இன்னா கேடு?" என்றாள். தம்பிதான் உருப்படியாகக் கேட்டான். சீக்கிரம் மாறினால் என்ன தெரியும் என்றான். மாறுகிற இடம் சின்னது என்று தெரியும், பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் நடந்தது இன்னொரு மூலைக்குப் போய்ச் சேரவே நாளாகும், அதனால் மெதுவாகத்தான் மாற முடியும் என்றேன். "அப்ப சின்னதுதான் படக்குனு கோச்சிக்கும். உன்ன மாரி" என்றான். அவன் ஆறடி. நான் அவன் தோளுக்குக் கீழே நிற்பேன். அப்பா லாரி விபத்தில் போன பிறகு அவன் படிப்பை விட்டுவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நான் படித்தேன். எங்கள் வீடு அப்படி ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, தெருவுக்கே தெரியும். மணலிப் பக்கத்திலிருந்து காற்றில் கேஸ் வாடை கொஞ்சம் தூக்கலாக வந்தால் ஈரத் துணியோடு வாசலுக்கு வருகிற முதல் ஆள் நான். டெலிபோன் மணி அடித்தால் எனக்கு ஆகாது. அப்பா இறந்த செய்தி தெருமுனையில் பாய் கடை டெலிபோனுக்குத்தான் வந்தது. பாய் செருப்பைக்கூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை. பரீட்சைக்கு நடுங்குவேன், ரயில் தாமதமானால் நடுங்குவேன். "குளிருதாடி, பயமாடி?" என்று அம்மா கேட்பது வீட்டில் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது.

கேலக்ஸியை அளக்கும்போது வானத்தை நம்பக் கூடாது. மெல்லிசாக ஒரு மேகம் வந்தாலும் வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்கும். அதனால் அதே படத்தில் பக்கத்தில் விழுகிற ஒரு சாதாரண நட்சத்திரத்தையும் சேர்த்து அளப்போம். மேகம் என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கும். கேலக்ஸி மட்டும் இறங்கினால் இறக்கம் உண்மை. முதல் வருஷம் நான் இப்படி ஒரு நட்சத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனபோது என் பேராசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "இந்த நட்சத்திரமே மாறுதுன்னா என்ன பண்ணுவே? எது மாறிச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எப்பவும் ரெண்டு வை" என்றார். அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு வைத்தேன். வேலையில்.

அந்த வருஷம் எனக்கு மலை மேல் உள்ள தொலைநோக்கியில் சில இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கிடைப்பது. மார்கழி, மழை விட்டு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கிளம்புகிற அன்று காலையில் தம்பிக்குக் காய்ச்சல். யார்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றான். நான் பையைக் கீழே வைத்தேன். "போக்கா, நான் இன்னா கொயந்தையா? போய் உன் கோச்சிக்கிற ஸ்டார பாரு" என்று அவனே பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தான். அவன் கை என் கையில் பட்டது. சூடாக இருந்தது. டாக்டரிடம் போ என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மலையில் முதல் இரவே எனக்கு நடுக்கம். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, காலுறை, எல்லாம் போட்டும் நிற்கவில்லை. தொலைநோக்கியை இயக்குகிற உதவியாளர் மலையடிவாரத்து ஊர்க்காரர். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "என்ன மேடம், இந்தக் குளிருக்கேவா?" என்றார். நான் குளிர் என்று நினைக்கவில்லை. கீழே காட்டுக்குள் ஏதோ செருமுகிறது, மேலே கூரை கரகரவென்று திரும்புகிறது, வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல், இந்த இரவுகளில் எதுவும் கிடைக்கவில்லையென்றால் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப்போகும். என்னைப் போன்றவள் நடுங்குவதற்கு இது போதாதா? முதுகு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. பலகை நாற்காலியில் உட்கார்ந்ததால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மலைக்கு இருந்தது ஒரே டெலிபோன். அலுவலகக் கட்டடத்தில், வாட்ச்மேன் மேஜை மேல். அங்கே வருகிற சேதியை அவர் உள் இணைப்பில் எங்களுக்குச் சொல்வார். மூன்றாம் நாள், இருட்டி வேலை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. உதவியாளர் எடுத்து, "ம், ம்" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மெட்ராஸ்ல இருந்து போனாம் மேடம். கவுன்ட் எறங்கிடுச்சாம். உங்களப் பாக்கச் சொன்னாங்களாம்."

நான் திரையைப் பார்த்தேன். நிஜமாகவே இறங்கியிருந்தது. கடைசிச் சில படங்களில் கேலக்ஸியின் கவுன்ட் படிப்படியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு நட்சத்திரங்களும் அசையாமல் நின்றன. மேகமில்லை, கேமராக் கோளாறில்லை. எத்தனையோ இரவுகள் காத்திருந்தது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. "ஆமாங்க, எறங்குது! எறங்குது!" என்று கத்தினேன். உதவியாளரும் எழுந்து வந்து பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேராசிரியர் எவ்வளவு கெட்டிக்காரர், உடனே போன் பண்ணிவிட்டாரே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் அந்த நினைப்பு அப்படியே நின்றது. இந்தத் திரையை இந்த அறையில் இருக்கிற எங்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இங்கே கவுன்ட் இறங்கியது எப்படித் தெரியும்?

"போன் பண்ணது யாருங்க?"

அவர் வாட்ச்மேனைக் கேட்டார். "யாரோ பாயாம் மேடம். கடையில இருந்து பேசுறாராம். லைன் சரியா இல்லியாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பாய் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது, நான் அங்கே இல்லாமலே. தம்பிக்கு கவுன்ட்டு எறங்கிடுச்சு, வரச் சொல்லுங்க. அந்த மலையில் கவுன்ட் என்றால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அதனால் வரச் சொன்னது பார்க்கச் சொன்னதாக மாறிவிட்டது. வாட்ச்மேனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகத்துக்கு ஓடி பாய் கடைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடையைப் பூட்டிவிட்டிருப்பார். முதல் பஸ் விடிந்தால்தான். அதுவரை என்ன செய்தேன் என்று கேட்டால், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேமரா தன் பாட்டுக்குப் படம் எடுத்தது, கவுன்ட் தன் பாட்டுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குதித்தேனே, அதே கோடுதான். இப்போது அதையே பார்த்துக்கொண்டு, ஏறிவிடு, ஏறிவிடு என்று அதைக் கெஞ்சினேன். இது ஏறினால் தம்பிக்கும் ஏறும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். படித்தவள்தான், ஆனாலும் கெஞ்சினேன்.

ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து, நின்றுகொண்டே வந்து, பாயிடம் விசாரித்துக்கொண்டு, டோல்கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. வாசல் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "நேத்து இர்ந்ததுல பாதிதான் கீதாம்" என்றாள். "சாய்ங்காலம் இன்னும் எறங்கிச்சினா பெரியாஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவணுமாம். அங்க இடம் கீதோ இல்லியோ. பக்கத்து பெட்டு பையன நேத்து அப்டிதான் இஸ்துகினு போனாங்க." அந்தப் பையன் என்னவானான் என்று அவள் சொல்லவில்லை.

தம்பி கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிப் படுத்திருந்தான். அந்த நீளத்துக்கு அங்கே கட்டில் கிடையாது. ஈறில் ரத்தம் கோடிட்டிருந்தது. "வந்துட்டியா" என்றான். அவ்வளவுதான் பேசினான். அவனைப் பார்த்த மாத்திரத்தில் என் புத்தி ஒரே ஒரு பக்கம் ஓட ஆரம்பித்தது. இந்த எண் தப்பாக இருக்க வேண்டும். ஏன் தப்பாக இருக்கக் கூடாது? பக்கத்து சந்தில் ஒரு சின்ன லேபு, ஒரு பழைய மிஷின், நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. முந்தின இரவு கேலக்ஸி இறங்கியது உண்மையாக இருக்க வேண்டும் என்று பார்த்த அதே ஆள்தான் நான். இப்போது இறக்கம் பொய்யாக இருக்க வேண்டும். பொய் என்று காட்ட எனக்கு ஒரு வழி தெரியும்.

தம்பிக்கு மறுபடி ரத்தம் எடுக்க வந்த லேபுக்காரரிடம் என் கையையும் நீட்டினேன். "எனக்கும் எடுங்க. ரெண்டையும் ஒரே மிஷின்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வெச்சிப் பாருங்க."

"உனுக்கு இன்னாத்துக்குமா?"

"ஒப்பிட்டுப் பார்க்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அம்மாவுக்கு விளக்கினேன். நான் நன்றாக இருக்கிறவள். என் கவுன்ட்டும் குறைச்சலாகக் காட்டினால் மிஷின்தான் கோளாறு. தம்பிக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அம்மா உடனே புடவைத் தலைப்பை ஒதுக்கி, "அப்ப என்துலயும் எடுக்க சொல்லு" என்றாள். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள். "நீ சும்மா இரும்மா, ஒண்ணு போதும்" என்றேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

முடிவு வந்தது. தம்பிக்கு இன்னும் இறங்கியிருந்தது. எனக்கும் இறங்கியிருந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். நர்ஸிங் ஹோமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "மிஷின் ராங்கும்மா! பாரு, எனக்கே கம்மியா காட்டுது!" அம்மா தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு எண்களையும் விரலால் தொட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. டாக்டரம்மா வர இன்னும் நேரமிருந்தது. வந்ததும் சொல்லி, வேறு லேபில் கொடுத்து, இவனை எங்கேயும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்து, "உனக்கு ஒண்ணும் இல்லடா" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். என் கையைத் தள்ளிவிட்டான். திரும்ப அவனே எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"எக்கா, உன் கை என்னோத விட சுடுது."

நான் அவனைப் பார்த்தேன். முதுகு வலி, மலையில் விடாத நடுக்கம், ரயிலில் கண்ணுக்குப் பின்னால் குத்திக்கொண்டிருந்தது, எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வேறு பெயரில் என் முன்னால் வந்து நின்றன. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. பயந்தவள் நடுங்கினால் யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்? நானே தொட்டுப் பார்க்கவில்லை. பேராசிரியரின் குரல் காதில் கேட்டது. இந்த நட்சத்திரமே மாறுதுன்னா என்ன பண்ணுவே?

எது மாறியது என்று இப்போது எனக்குத் தெரியாது. மிஷினா, நாங்கள் இருவருமா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வந்து நெற்றியில் கை வைத்தாள், ஒன்றும் கேட்காமல் லேபு இருந்த சந்துப் பக்கம் நடந்தாள்.

அவள் திரும்பி வரும்வரை நான் பயந்த மாதிரி அதற்கு முன்னாலும் பயந்ததில்லை, பின்னாலும் பயந்ததில்லை. தம்பிக்காகவா எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் இழந்து அந்தப் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. பல் கிட்டித்தது. தம்பி என் மேல் தன் போர்வையைப் போட்டான்.

அம்மா தாளோடு வந்தாள். கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கவுன்ட் கொஞ்சமும் குறையவில்லை. இருக்க வேண்டிய மாதிரி இருந்தது.

"நல்லா கீதுனு சொன்னாரு அந்தாளு" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப மிஷினு நல்லாதான் கீதாடி?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் அந்தத் தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் ஒரே வண்டியில் எங்களை ஏற்றினார்கள். வண்டி கிளம்பியபோது மணலிக் காற்று கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அது பயமாக இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒரு வார்டு. தம்பியின் கவுன்ட் முதலில் ஏற ஆரம்பித்தது, என்னுடையது அவனை விடக் கீழே போய்விட்டுப் பிறகு ஏறியது. தம்பிக்கு ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்கும்போதும் அம்மா பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். "உனுக்கு எதுக்குமா" என்று விரட்டுவார்களாம். "என்துதான் மாறாது, என்னோத வெச்சி பாருங்க, இல்லாங்காட்டி என் பொண்ணு நம்ப மாட்டா" என்பாளாம். ஒருவரும் எடுக்கவில்லை.

கேலக்ஸியின் அந்த இறக்கம் உண்மைதான். பிறகு உட்கார்ந்து எல்லாப் படங்களையும் மறுபடி அளந்தேன். இரண்டு நட்சத்திரங்களும் விடிகிறவரை ஆடவே இல்லை.

ஆனால் நான் அதைச் சொல்ல வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிய அன்று ஆட்டோவில் நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி. ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழி விடாமல் நின்றிருந்தன. அம்மா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு லேபுக்கு போசொல்லோ வேண்டிகினே போனேன்டி. என்துலயும் கொறைஞ்சி வரணும்னு."

"வந்திருந்தா உனக்கும் காய்ச்சல்னு அர்த்தம்மா."

"வந்துட்டு போவுது. மிஷினு ராங்குனு ஆயிருக்கும்ல."

தம்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கை மடிப்பில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. நான் அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.